ஃபைபர் மோடமும் புது ரவுட்டரும்: வைஃபை வருகிறது, நெட் வரவில்லை

மாடிவீடு, திருச்சி:

வணக்கம். கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம் உள்ள வீடு. கீழே ஹாலில் ஃபைபர் இணைப்பு, 200 எம்பிபிஎஸ் பிளான். நிறுவனம் கொடுத்த ஓஎன்டி மோடத்தில் (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) நான்கு லேன் போர்ட் (வீட்டுச் சாதனங்களைக் கேபிளால் செருகும் இடம்), லேண்ட்லைனுக்கு ஒரு போர்ட், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும். மேல்மாடியில் அதன் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறுவதில்லை.

அதற்காக இரண்டு பேண்ட் உள்ள, கிகாபிட் போர்ட் கொண்ட ரவுட்டர் ஒன்று வாங்கி மாடியில் வைத்திருக்கிறேன். கீழிருந்து மேலே சுவருக்குள் பைப் வழியாக சுமார் 25 மீட்டர் கேட்-5இ கேபிள் ஒன்றே ஒன்று போகிறது. மோடத்தின் லேன் 2-ல் ஒரு முனை, ரவுட்டரின் வான் போர்ட்டில் (வெளியிலிருந்து நெட் உள்ளே வரும் இடம்) மறுமுனை. ரவுட்டரின் வைஃபை பெயர் போனில் தெரிகிறது, பாஸ்வேர்டு கொடுத்தால் சேர்கிறது, ஆனால் "இன்டர்நெட் இல்லை" என்கிறது. லேப்டாப்பை நேராக மோடத்தில் செருகினால் நெட் நன்றாக வருகிறது.

மோடத்தின் பக்கம் 192.168.1.1-ல் திறக்கிறது. ரவுட்டரின் பக்கமும் அதே 192.168.1.1 தான்.

லேண்ட்லைன் போனை வீட்டில் பெரியவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள், அது நின்றுவிடக் கூடாது. மாடியில் இருக்கும் போனிலிருந்து ஹால் டிவிக்கு வீடியோ அனுப்பவும் வேண்டும். எப்படி இணைப்பது?


செம்புக்கம்பி:

விடை உங்க கேள்வியிலேயே இருக்கு சார். ரெண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி.

வான் போர்ட்டுல செருகினா ரவுட்டர் தன்னை ரெண்டு தெருவுக்கு நடுவுல நிக்கிற ஆளா நினைச்சுக்கும். ஒரு பக்கம் மோடம் இருக்கிற தெரு, இன்னொரு பக்கம் உங்க போன், லேப்டாப் இருக்கிற தெரு. ரெண்டு தெருவுக்கும் ஒரே பேர், ரெண்டுலயும் அதே கதவு எண் இருந்தா தபால எந்தப் பக்கம் அனுப்பும்? 192.168.1.1-க்குன்னு போன் அனுப்பறத ரவுட்டர் தனக்குன்னு எடுத்துக்குது, மோடத்துக்குப் போய்ச் சேர்றதே இல்லை. சில ரவுட்டர் இந்த மோதலைக் கண்டுபிடிச்சு தானாவே 192.168.0.1-க்கு மாறிக்கும். உங்களோடது மாறல.

சும்மா சோதிச்சுப் பார்க்கணும்னா ரவுட்டரோட லேன் முகவரியை 192.168.50.1-ன்னு மாத்தி சேவ் பண்ணுங்க, நெட் வந்துரும். ஆனா அதோட நிறுத்தாதீங்க. உங்களுக்கு டிவிக்கு அனுப்பற வேலை இருக்கு, அது அப்படி வேலை செய்யாது. ஏன்னு கீழே யாராவது விவரமா எழுதுவாங்க.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். எது சரியா வரலைன்னாலும் மோடத்தோட ரீசெட் ஓட்டைல ஊசிய விட்டு அழுத்தாதீங்க. ரவுட்டர எத்தனை தடவை வேணா ரீசெட் பண்ணலாம். மோடத்துல நிறுவனம் போட்டு வச்ச லாகின், விலான் எண் (ஒரே லைன்ல நெட்டையும் போனையும் தனித்தனியா பிரிக்கிற எண்), போனுக்கான அமைப்பு எல்லாம் அழிஞ்சுரும். அப்புறம் அவங்க ஆள் வந்து திரும்பப் போடுற வரைக்கும் நெட்டும் இல்ல, போனும் இல்ல.


நாலாம்போர்ட்:

மேலே நண்பர் சொன்னது சரி. 192.168.50.1 என்று மாற்றினால் நெட் வரும், ஆனால் வீடு இரண்டு நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும். மோடம் ஒரு முறை முகவரியை மாற்றி அனுப்பும், ரவுட்டர் அதற்கு மேல் இன்னொரு முறை மாற்றும். வெப்சைட் பார்ப்பதற்கு அது ஒரு தடையே இல்லை. ஆனால் போன் டிவியையோ பிரிண்டரையோ தேடும்போது போடும் கூப்பாடு தன் நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் கேட்கும், ரவுட்டரைத் தாண்டாது. மாடிப் போனுக்கு ஹால் டிவி கண்ணிலேயே படாது.

உங்கள் தேவைக்கு ரவுட்டர் ரவுட்டராக இருக்க வேண்டியதில்லை. அந்த வேலையை மோடம் ஏற்கெனவே செய்கிறது. மாடியில் இருப்பது வைஃபை கொடுத்தால் போதும். வீட்டில் முகவரி வழங்கும் பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அது மோடமாக இருக்கட்டும்.

ரவுட்டரின் மெனுவில் ஆபரேஷன் மோட் என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் சிஸ்டம் அல்லது அட்வான்ஸ்டு பகுதிக்குள் இருக்கும். அதில் ஆக்சஸ் பாயின்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்தால் அது தானே ரீஸ்டார்ட் ஆகி, முகவரி வழங்குவதை நிறுத்திக்கொள்ளும். கேபிள் இப்போது இருப்பது போல வான் போர்ட்டிலேயே இருக்கலாம்.

அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால் கையால் செய்ய வேண்டும். இங்கே வரிசை முக்கியம். மாடிக் கேபிளைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை ரவுட்டரின் லேன் போர்ட்டில் மட்டும் செருகி உள்ளே போங்கள். முதலில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். அடுத்து லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் 192.168.1.2 என்று அடித்து மறுபடி உள்ளே போய், கடைசியாக டிஹெச்சிபி சர்வரை (சாதனங்களுக்கு முகவரி வழங்கும் பகுதி) அணையுங்கள். டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆள் இருக்காது, 169.254 என்று தொடங்கும் எண் ஒன்றை அதுவே போட்டுக்கொள்ளும், ரவுட்டரின் பக்கம் திறக்காது. அப்படி மாட்டிக்கொண்டால் லேப்டாப்பில் கையால் 192.168.1.20, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று போட்டால் மறுபடி உள்ளே போகலாம்.

முடித்த பிறகு மாடிக் கேபிளை ரவுட்டரின் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். இந்தக் கைமுறையில் வான் போர்ட் காலியாகவே இருக்க வேண்டும். அதில் செருகினால் பழைய கதைதான்.

மோடத்தின் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. லேன் டிஹெச்சிபி பக்கத்தில் முகவரிகள் 192.168.1.2-லிருந்து தொடங்குவதாக இருந்தால் 192.168.1.10 என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் ஏதாவது ஒரு போனுக்கு .2 போய்ச் சேரும், அன்றைக்கு ரவுட்டரின் பக்கம் திறக்காது, காரணமும் பிடிபடாது.

சரியாக அமைந்ததா என்று பார்க்க, மாடி வைஃபையில் சேர்ந்த விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளை கொடுங்கள். ஐபி 192.168.1 என்று தொடங்கி, டீஃபால்ட் கேட்வே 192.168.1.1 என்று வர வேண்டும்.

ஒரே சுவிட்சுக்கு இரண்டு கேபிள் போனால் வேகம் கூடும் என்று நினைத்து மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவே இரண்டாவது கேபிள் போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தகவல் சுற்றிச் சுற்றி வந்து, எல்லா லேன் விளக்கும் விடாமல் மினுக்கி, வீட்டு நெட் முழுவதும் உறைந்துவிடும். கேபிள் ஒன்றுதான்.


மாடிவீடு, திருச்சி:

மிக்க நன்றி. என் ரவுட்டரில் ஆபரேஷன் மோட் என்று எதுவும் இல்லை, அதனால் கைமுறையில்தான் செய்தேன். நெட் வந்துவிட்டது. ஹால் டிவி மாடிப் போனில் தெரிகிறது. லேண்ட்லைன் அப்படியே வேலை செய்கிறது.

இரண்டு விஷயம் மீதி. மாடியில் 5 கிகாஹெர்ட்ஸில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று சோதித்தாலும் வேகம் 93, 94-க்கு மேல் போகவில்லை. கீழே மோடத்தின் லேன் 1-ல் லேப்டாப்பைச் செருகினால் 195 வரை வருகிறது. இன்னொன்று, கீழிருந்து மாடிக்கு ஏறிப் போனாலும் போன் கீழ் மோடத்தின் வைஃபையையே பிடித்துக்கொண்டிருக்கிறது.


செம்புக்கம்பி:

94-ன்னு ஒரே எண்ணுல போய் நிக்குதுன்னா அது வைஃபை கோளாறு இல்ல சார். வைஃபை மோசமா இருந்தா எண் 60, 110, 85-ன்னு ஆடும். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுல அதோட சொந்தச் செலவு போக கைக்கு வர்றது 94 கிட்டத்தான். வழியில எங்கயோ ஒரு இடத்துல 100-க்கு இறங்கிருக்கு. ரெண்டு இடம்தான் இருக்கு.

ஒண்ணு, மோடம் போர்ட். நிறைய ஓஎன்டில நாலு போர்ட் இருந்தாலும் லேன் 1 மட்டும்தான் கிகாபிட், மத்த மூணும் 100. போர்ட்டுக்கு மேல எழுத்தைப் பாருங்க, ஜிஇ-ன்னு இருந்தா கிகாபிட், எஃப்இ-ன்னு இருந்தா 100. நீங்க மாடிக் கேபிள லேன் 2-ல செருகிருக்கீங்க, வேகம் பார்த்தது லேன் 1-ல. மொதல்ல அதை மாத்துங்க.

மாத்தியும் 94-தான்னா கேபிள். 100 எம்பிபிஎஸுக்கு உள்ள இருக்கிற எட்டு கம்பில நாலு போதும், 1, 2, 3, 6-ஆம் ஊசி. கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். 4, 5, 7, 8-ல ஒண்ணு பிடிக்கலைன்னாலும் ரெண்டு பெட்டியும் பேசிப் பார்த்துட்டு சத்தமில்லாம 100-க்கு இறங்கிரும். நெட் வருது, விளக்கு எரியுது, அதனால யாரும் கேபிள சந்தேகப்பட மாட்டாங்க.

எதுல பிசகுன்னு பார்க்க, கீழ் முனை லேன் 1-லயே இருக்கட்டும், லேப்டாப்ப மாடிக் கேபிள்ல நேரா செருகி, விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்ஸ்ல லிங்க் ஸ்பீடு என்னன்னு பாருங்க. 1000/1000 வந்தா கேபிள் நல்லாருக்கு, 100/100 வந்தா கேபிள்லதான் கோளாறு.

ரெண்டு முனையோட ஆர்ஜே-45 பிளக்கையும் வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கிற மாதிரி பிடிச்சா இடமிருந்து வலமா வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். எட்டு கம்பியோட செம்பு நுனியும் பிளக்கோட முன் சுவர்ல முட்டிருக்கணும். ஓரத்துல இருக்கிற பிரவுன்தான் அடிக்கடி ரெண்டு மில்லிமீட்டர் குறைவா நின்னுரும். கிரிம்ப் பண்ணும்போது (பிளக்க கருவியால அழுத்தி மாட்டும்போது) உலோகப் பல்லு அதுல இறங்காது. புது பிளக் போட்டா தீர்ந்தது. கேபிளோட வெளிச் சட்டை பிளக்குக்குள்ள வரைக்கும் போயிருக்கணும், வெறும் கம்பிகள் வெளியே தெரியற மாதிரி விட்டா இழுபட்டு கொஞ்ச நாள்ல திரும்பக் கழண்டுக்கும்.

கேபிள் போகிற பைப்புல 230 வோல்ட் ஒயரும் சேர்ந்து போகுதான்னும் பாருங்க. போகுதுன்னா எப்படியும் தனிப் பைப்புக்கு மாத்திருங்க. வேகத்துக்காக மட்டும் சொல்லல, உரசி இன்சுலேஷன் போனா உயிருக்கே ஆபத்து.


ஒளியிழை:

எல்லாரும் ஆக்சஸ் பாயின்ட் என்கிறீர்கள். நல்ல ரவுட்டர் வாங்கிவிட்டு அதை வெறும் வைஃபை பெட்டியாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நிறுவனத்தின் மோடம் நினைவகம் குறைந்தது, இருபது முப்பது சாதனம் சேர்ந்தால் திணறும். மோடத்தை பிரிட்ஜ் ஆக்கி (ரவுட்டர் வேலையை விட்டு, இணைப்பை அப்படியே கடத்த மட்டும் வைத்து), ரவுட்டரில் பிபிபிஓஇ (நிறுவனத்தின் லாகின் முறை) போட்டுவிட்டால் முழு வேலையும் ரவுட்டர் கைக்கு வரும். அந்த வழியையும் எழுதி வைக்கிறேன், தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

நிறுவனத்திடமிருந்து பிபிபிஓஇ பயனர்பெயர், பாஸ்வேர்டு, விலான் எண் மூன்றும் வேண்டும். மோடத்தின் பக்கத்தில் பாஸ்வேர்டு புள்ளிகளாகத்தான் தெரியும், அதனால் கேட்டு வாங்கிக்கொள்வதே நல்லது. தொடுவதற்கு முன் மோடத்தின் வான் பக்கத்தை முழுவதும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் இருக்கும். ஒன்று இன்டர்நெட், ஒன்று வாய்ஸ், இன்னொன்று நிறுவனம் தூரத்திலிருந்து மோடத்தை நிர்வகிக்க. இன்டர்நெட் வரியை மட்டும் ரவுட் என்பதிலிருந்து பிரிட்ஜுக்கு மாற்றி, லேன் 1-உடன் கட்டுங்கள். வாய்ஸ் வரியைத் தொடாதவரை லேண்ட்லைன் நிற்காது.

ரவுட்டரில் வான் வகை பிபிபிஓஇ, பயனர்பெயர், பாஸ்வேர்டு. விலான் எண்ணை மோடத்தின் பிரிட்ஜ் வரியே ஒட்டி அனுப்புவதால் ரவுட்டரில் அதைப் போடக் கூடாது. இரண்டு இடத்திலும் போட்டால் இணைப்பு ஏறவே ஏறாது, நான் பார்த்த வரையில் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். எம்டியு (ஒரு தடவையில் அனுப்பக்கூடிய தகவல் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1492. பிபிபிஓஇ தலைப்பு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500-ல் அது குறைகிறது. 1500 என்று விட்டுவிட்டால் சில தளங்கள் திறக்கும், சில பாதியில் தொங்கும். விண்டோஸில் பிங் கட்டளையோடு துண்டாக்காதே என்ற எஃப் குறியும் (-f) அளவைச் சொல்லும் எல் குறியும் (-l) சேர்த்து 1464 கொடுத்தால் பதில் வர வேண்டும், 1465 கொடுத்தால் வரக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் பழைய இணைப்பு நிறுவனத்தின் சர்வரில் இன்னும் உயிரோடு இருக்கலாம். மோடத்தை 10, 15 நிமிடம் அணைத்து வைத்துப் போடுங்கள். அப்போதும் வராவிட்டால் மேக் முகவரியை (ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) பூட்டி வைத்திருப்பார்கள். மோடத்தின் மேக்கை ரவுட்டரில் குளோன் செய்யலாம், அல்லது நிறுவனத்திடம் சொல்லிப் புது மேக்கைப் பதிவு செய்யலாம்.


நாலாம்போர்ட்:

ஒளியிழை எழுதியது ஒவ்வொன்றும் சரி. ஆனால் இந்த வீட்டுக்குப் பொருந்தாது. மாடிக்குப் போவது ஒரே ஒரு கேபிள். இன்டர்நெட் வரியை பிரிட்ஜ் ஆக்கினால் நெட் முழுவதும் லேன் 1 வழியாக மாடிக்குப் போய்விடும். கீழே மோடத்தின் வைஃபைக்கும் மற்ற லேன் போர்ட்டுகளுக்கும் எதுவும் மிஞ்சாது, ஹால் டிவி நின்றுவிடும். பிரிட்ஜ் வேண்டுமானால் ரவுட்டர் கீழே மோடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், மாடிக்கு இன்னொரு வைஃபை பெட்டி வாங்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு சாதனம் உள்ள வீட்டுக்கு அந்தச் செலவு தேவையா என்று யோசிக்க வேண்டும்.

பிரிட்ஜ் போட்டால் வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேராகத் திறக்கலாம் என்று நம்பி இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் வான் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்குகிற எண் என்றால் நிறுவனமே பல வீடுகளுக்கு ஒரு பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறது. அப்போது பிரிட்ஜ் போட்டாலும் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பை வீட்டுச் சாதனத்துக்குத் திருப்பிவிடுவது) வேலை செய்யாது.

மாடிவீடு, போன் கீழ் வைஃபையை விடாமல் பிடித்திருப்பது பற்றி. எப்போது தாவுவது என்று முடிவெடுப்பது போன்தான், ரவுட்டர் இல்லை. கைவசம் இருக்கும் சிக்னல் நன்றாகத் தேய்கிற வரை அது விடாது. நாம் செய்யக்கூடியது, தாவுவதை எளிதாக்குவது. இரண்டு பெட்டிக்கும் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பாதுகாப்பு வகையும் இரண்டிலும் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று ஒன்றாக இருக்கட்டும். டிகேஐபி (பழைய பாதுகாப்பு வகை) என்று எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள், அது வைஃபையை 54 எம்பிபிஎஸில் கட்டிப்போடும்.

2.4-ல் கீழே சேனல் 1, மேலே சேனல் 11, இரண்டிலும் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், பக்கத்து வீட்டாரின் வைஃபையும் சேர்ந்து இடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் மேலே சேனல் 36 அல்லது 149, அகலம் 80. 52-லிருந்து 144 வரை உள்ள சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. அவற்றில் வைத்தால் ரவுட்டர் ஆன் ஆனதும் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வைஃபை விடும். கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

மோடத்தில் டிரான்ஸ்மிட் பவர் என்று இருந்தால் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். ஹாலுக்கு அது போதும், மாடிப்படியில் பாதி ஏறியதும் சிக்னல் தேய்ந்து போன் தானாக மேலே தாவும். உங்கள் பிரச்சினையில் அதிகம் பலன் தருவது இந்த ஒரு மாற்றம்தான்.


மாடிவீடு, திருச்சி:

முடிந்தது. லேன் 1-க்கு மாற்றியும் 94-தான் வந்தது. லேப்டாப்பில் லிங்க் ஸ்பீடு 100/100. மாடி முனையின் பிளக்கைப் பார்த்தால் பிரவுன் கம்பி முன் சுவரைத் தொடவே இல்லை. இரண்டு முனைக்கும் புது பிளக் போட்டதும் 1000/1000 வந்துவிட்டது. மாடியில் 5 கிகாஹெர்ட்ஸில் இப்போது 180-லிருந்து 195 வரை. மோடத்தின் பவரைக் குறைத்த பிறகு போனும் மாடிப்படியிலேயே தாவுகிறது. அனைவருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. மின்வெட்டு நேரத்துக்கு மினி யுபிஎஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒன்று போதுமா?


செம்புக்கம்பி:

போதாது சார். மோடம் கீழ, ரவுட்டர் மேல. மோடத்துக்கு மட்டும் போட்டா கரண்ட் போனதும் மாடில வைஃபை நின்னு போயிரும். ரவுட்டருக்கு மட்டும் போட்டா வைஃபை பேர் தெரியும், நெட் இருக்காது. ரெண்டுக்கும் தனித்தனியா ஒண்ணு.

வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு அடாப்டர் மேலயும் அவுட்புட் வரியப் படிங்க. ஓஎன்டி பெரும்பாலும் 12 வோல்ட். ரவுட்டர்ல 12-ம் இருக்கு, 9-ம் இருக்கு. பின்னு ரெண்டுக்கும் பெரும்பாலும் ஒரே அளவா இருக்கும், மாத்திச் செருகினாலும் உள்ள போகும். 9 வோல்ட் ரவுட்டர்ல 12 குடுத்தா சூடாகிப் பழுதாகலாம், 12 வோல்ட் மோடத்துல 9 குடுத்தா ஆன் ஆகி ஆன் ஆகி ரீஸ்டார்ட் ஆகும். வோல்ட் சரியா ஒத்துப் போகணும், ஆம்பியர் அடாப்டர்ல போட்டிருக்கிறதுக்கு சமமாவோ கூடவோ இருக்கணும். பின்னோட நடுப்பகுதி பாசிட்டிவ்தானான்னு ரெண்டுலயும் போட்டிருக்கிற வட்டக் குறிய ஒப்பிட்டுப் பாருங்க. பார்த்துட்டு அடாப்டர் ரெண்டுலயும் மார்க்கர்ல கீழ், மேல்னு எழுதி வச்சிருங்க.